நூறு கிராம் பஞ்சு

மெத்தைக்காரர் தன் வாயாலேயே கெடப்போகிறவர் என்று அவர் மனைவி முப்பது வருடமாகச் சொல்லிவந்தாள். சொல்லும்போதெல்லாம் அவர் சிரித்துக்கொள்வார். அவள் போய் இருபத்தெட்டாவது நாள், அவள் படுத்திருந்த மெத்தையைப் பிரித்தே ஆகவேண்டும் என்று வீடும் தெருவும் சேர்ந்து நெருக்கியபோதுதான் அந்தப் பேச்சு அவருக்கு உறைத்தது.

கடை வைத்த புதிதில் மெத்தைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் தெருவின் மூன்றாவது வீட்டில் ஒருவர் காலமானார். அவர் படுத்த மெத்தையை வீட்டார் சுருட்டிக் குப்பைத் தொட்டி ஓரமாகப் போட்டார்கள். நல்ல நீள இழைப் பஞ்சு. மெத்தைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. நேராக அந்த வீட்டுக்குப் போய், செத்தவர்கள் படுத்த மெத்தையில்தான் துக்கம் தங்கும், அதைப் பிரித்து, அடித்து, வெயிலில் போட்டுத் திரும்பத் தைத்துவிட்டால் துக்கம் காற்றோடு போய்விடும், ஒரு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று அடித்துவிட்டார். ஒரு மாதம் என்ற கெடு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. வாயில் வந்தது, சொன்னார்.

அந்த வீட்டார் அப்படியே செய்தார்கள். அடுத்துத் துக்கம் விழுந்த வீட்டாரும் செய்தார்கள். பத்து வருடத்தில் அது தெருவின் வழக்கமாகி, பக்கத்துத் தெருக்களுக்கும் பரவி, யாரோ பெரியவர்கள் அந்தக் காலத்திலேயே வகுத்துவைத்த முறை என்று பெயர் வாங்கிவிட்டது. ஒருமுறை ஒரு அம்மாள், மெத்தைக்காரர் சாயங்காலத்தில் பஞ்சடிக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் காலையில்தான் செய்யவேண்டும், உங்களுக்கு முறையே தெரியவில்லையே என்று கடிந்துகொண்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு வேலையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். அன்று முழுக்க அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பெத்தவருக்கே பிள்ளையைப் பத்திப் பாடம் எடுத்துட்டுப் போறாங்க," என்றாள். "நல்லா வேணும் உங்களுக்கு."

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு மூலையில் பஞ்சடிக்கும் மெஷின். உத்திரத்துக் கொக்கியில் வட்ட முகத் தராசு. நடுவில் ஆளுயர மரச்சட்டம். பஞ்சு திணித்து வாய் தைத்த மெத்தையை அந்தச் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டுவார்கள். பஞ்சு ஓரிடத்தில் சேர்ந்துவிடாமல் இருக்க, முழ நீள ஊசியால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் குத்தி, நூலை இழுத்து, முடிச்சுப் போடவேண்டும். தெருப் பக்கம் அவர் நிற்பார். வீட்டுப் பக்கம் முக்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவர் மெத்தையை ஒரு தட்டுத் தட்டி ஊசியைச் செருகுவார். அந்தப் பக்கம் நுனி எட்டிப் பார்த்ததும் அவள் "வந்துடுச்சு" என்பாள். இழுத்து, நாலு விரல் தள்ளித் திருப்பிக் குத்துவாள். ஒரு மெத்தைக்கு அறுபது முடிச்சு, அறுபது "வந்துடுச்சு."

அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்த மெத்தைகளின் வழியாகத்தான். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தது, வீட்டுக்கு ஓடு மாற்றியது, சண்டை போட்டது, விட்டுக்கொடுத்தது எல்லாம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நடந்தன. நடுநடுவே அந்தப் பக்கமிருந்து, "வேர்வையைத் துடைங்க, கண்ணுல இறங்குது பாருங்க" என்பாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சத்தத்தில் தெரியும் என்பாள். முப்பது வருடமும் அவர் அதை நம்பினார்.

பழைய மெத்தைகளைப் பிரிப்பது அவள் வேலை. கத்தரிக்கோலை அவர் கையில் கொடுக்கமாட்டாள். அவர் வேலை எடை. வந்த மெத்தையைத் தராசில் தொங்கவிட்டு எடையைச் சுவரில் எழுதுவார். தைத்து முடித்ததும் மறுபடி தொங்கவிடுவார். அடிக்கும்போது பறந்த தூசியைக்கூடக் கூட்டி அள்ளி எடை பார்த்துக் கழிக்கிற ஆள் அவர். அப்படிப் பார்த்தும் சில மெத்தைகளில் நூறு கிராம் இடிக்கும். தொண்ணூறும் இல்லை, நூற்றிப்பத்தும் இல்லை, கறாராக நூறு. தராசைக் கழற்றிப் பழுது பார்க்கக் கொண்டுபோவார். அங்கே ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுப்பார்கள். அடுத்த மாதம் மறுபடி நூறு குறையும். தராசு செய்தவனை அவன் தலைமுறையோடு சேர்த்துத் திட்டுவார். "அதுக்கும் வயசாகுது, விடுங்களேன்" என்று அவள் அந்தப் பக்கமிருந்து சமாதானம் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். முன்னறையில் மரச்சட்டத்தைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள், அவளுடைய கைவேலையைப் புகழ்ந்தார்கள். சிலர் எதையோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அழுதுவிடுங்கள், அழுதுவிட்டால் பாரம் குறையும் என்று பலரும் சொன்னார்கள். அவருக்கும் அழ ஆசைதான். வரவில்லை. கடைசியில் எல்லோரும் வந்து நின்றது ஒரே இடத்தில்தான். மெத்தையை எப்போது பிரிக்கப்போகிறீர்கள்? ஒரு மாதம் நெருங்குகிறதே? உங்களுக்குத் தெரியாத முறையா?

அது என் வாயில் வந்த பொய் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல நா எழவில்லை. தெருவில் எத்தனை பேர் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடினார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கட்டிலை ஒட்டித் தரையில் படுத்தார். கட்டிலின் மேல் அந்த மெத்தை அப்படியே கிடந்தது. ஒன்பது வருடமாக அடிக்காத மெத்தை. ஊருக்கெல்லாம் பஞ்சடிக்கிறீர்கள், நம் மெத்தையைப் பாருங்கள் என்று அவள் எத்தனையோ முறை நச்சரித்திருக்கிறாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவரும் ஒன்பது வருடத்தை ஓட்டிவிட்டார். அவர் பக்கம் பெரிய பள்ளம், அவள் பக்கம் சின்னப் பள்ளம், நடுவில் ஒரு வரப்பு. "உங்க பக்கம் கிணறு, என் பக்கம் கிண்ணம்" என்பாள். மத்தியானங்களில் வீடு ஓய்ந்திருக்கும்போது அவர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கிண்ணத்தில் கையை வைத்திருப்பார். தோள் இருந்த இடம், இடுப்பு இருந்த இடம், ஒருக்களித்து மடக்கிய முழங்கால் இருந்த இடம் எல்லாம் கைக்குத் தட்டுப்பட்டன. அவளுடைய போட்டோவில்கூட அவள் அந்த அளவுக்கு இல்லை. அடித்தால் எல்லாம் போய்விடும். அடித்த பஞ்சுக்கு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

மச்சினிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. அவள் இறந்தவளின் ஒரே தங்கை. செய்தி கேட்டு வந்தவள் ஒரு மாதமாக இங்கேயே தங்கி, சமைத்து, பாத்திரங்களைத் தேய்த்து, வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. அத்தான் தரையில் படுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த மகளும் சித்தி பக்கம் சேர்ந்துகொண்டாள்.

இருபத்தெட்டாம் நாள் காலையில் அவர் நூல்கண்டு வாங்கப் போய்த் திரும்பியபோது, மெத்தை முன்னறைத் தரையில் கிடந்தது. மகள் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மச்சினி மண்டியிட்டு உட்கார்ந்து, அக்காவின் கத்தரிக்கோலால் ஓரத் தையலில் சாண் நீளம் வெட்டியிருந்தாள்.

"தொடாதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

மகள் கையை விட்டுவிட்டாள். மச்சினி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் நீங்கதானே அத்தான் சொன்னீங்க?" என்றாள். "அக்கா மெத்தைக்கு மட்டும் அது கிடையாதா? அவ துக்கம் மட்டும் இங்கேயே கிடக்கணுமா?"

வெட்டிய வாயிலிருந்து பஞ்சு கொஞ்சம் பிதுங்கியிருந்தது. அவர் உட்கார்ந்து அதை விரலால் உள்ளே தள்ளினார். தள்ளத் தள்ள அது வெளியே வந்தது.

எதிர் வரிசைக் கடிகாரக்காரர் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் மனைவியை இழந்தவர். அவர் மனைவியின் மெத்தையும் இந்தக் கடையில்தான் அடிபட்டது. தெருவிலேயே குறைவாகப் பேசுகிறவர் அவர். கடிகாரங்கள் அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுகின்றன என்று மெத்தைக்காரர் மனைவி கேலி செய்வாள். உள்ளே பார்த்தவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு துணிப்பையோடு வந்தார். மகளையும் மச்சினியையும் பார்த்து, கொஞ்சம் டீ கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு சின்னத் தலையணை. தலைக்குக் காணாது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். மெத்தைக்காரர் அதைக் கையில் வாங்கிய உடனே தையலை அடையாளம் கண்டுகொண்டார். அந்த முடிச்சை அவள் ஒருத்திதான் அப்படிப் போடுவாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க," என்றார் கடிகாரக்காரர். "இப்ப அவங்களே இல்லை. இனிமே சொல்றதுல தப்பு இல்லைன்னு நினைக்கிறேன்."

"இது என்ன?"

"என் வீட்டுக்காரி படுத்த இடத்துப் பஞ்சு. அடிக்காத பஞ்சு. மெத்தையைப் பிரிச்சப்போ அந்தப் பள்ளத்துலேர்ந்து ஒரு பிடி எடுத்து வெச்சு, இதைத் தெச்சுக் கொண்டுவந்து கொடுத்தாங்க. நீங்க அன்னிக்குத் தராசைத் தூக்கிட்டு எங்கயோ போயிருந்தீங்க."

மெத்தைக்காரர் தலையணையை அழுத்திப் பார்த்தார். உள்ளே பஞ்சு கட்டியாக, ஒரு பக்கம் அமுங்கி இருந்தது. முப்பது வருட அனுபவமுள்ள கை, அதன் எடையைத் தானாகவே சொல்லிவிட்டது.

"எனக்கு மட்டும் இல்லை," என்றார் கடிகாரக்காரர். "இந்தத் தெருவுல துக்கம் விழுந்த எல்லா வீட்டிலயும் ஒண்ணு இருக்கு. உங்களுக்குத்தான் தெரியாது."

மெத்தைக்காரர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். எழுதியும் அழித்தும் மங்கிய எடைகள் சுவர் முழுக்க இருந்தன. நூறு குறைந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் புது மெத்தை இல்லை, குழந்தை மெத்தை இல்லை. எல்லாம் துக்க வீட்டு மெத்தைகள். ஒரு மாதமாக வந்து உட்கார்ந்தவர்கள் எதைச் சொல்ல வாயெடுத்தார்கள் என்பதும் இப்போது விளங்கியது.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

கடிகாரக்காரர் யோசித்தார். "அவர் சொன்னதும் சரிதான், அடிச்சாத்தான் மனுஷன் மறுபடி படுத்துத் தூங்க முடியும்னாங்க. ஆனா மொத்தத்தையும் அடிச்சுட்டா தாங்காது, அதனால கொஞ்சம் மிச்சம் வைக்கிறேன்னாங்க." தலையணையைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அவர்கிட்ட சொன்னா அதையும் எடை போடுவார்னு சிரிச்சாங்க."

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். கடிகாரக்காரர் போனதும் மெத்தைக்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். தானே பிரிப்பதாகவும், யாரும் கிட்டே வரவேண்டாம் என்றும், வெயில் நல்ல வெயில் என்றும் சொன்னார். மகளும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

முதலில் மெத்தையைத் தராசில் தொங்கவிட்டுச் சுவரில் எடையை எழுதினார். பிறகு தையலைப் பிரித்தார். பிரிக்கும் வேலை அவருக்குப் பழக்கமில்லாததால் இரண்டு இடத்தில் துணி கிழிந்தது. உறையை விரித்தபோது பஞ்சு இரண்டு பள்ளங்களோடு ஒரே பாளமாகக் கிடந்தது. அவள் பக்கத்தில் கையை வைத்தார். எல்லாவற்றையும் அப்படியே சுருட்டிப் பரண்மேல் வைத்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வைத்தால் ஒரு வருடம் கழித்து அதில் பூச்சிதான் இருக்கும். அவள் ஒரு பிடி என்று வைத்ததற்குக் கணக்கு இருந்திருக்கும்.

அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். தூசி எடை பார்க்கும் சின்னத் தராசை எடுத்து வந்தார். தோள் இருந்த இடத்திலிருந்து நூறு கிராம் எடுத்துத் துணியில் முடிந்தார். உள்ளே மகள் ஏதோ கேட்க, மச்சினி பதில் சொன்னாள். அந்தப் பதிலில் அவள் அக்காவின் குரல் லேசாகத் தட்டியது. இந்த ஒரு மாதத்தில் யாரும் அவளிடம் துக்கம் கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தோன்றியது. வந்தவர்கள் எல்லாம் அவளிடம் டீதான் கேட்டார்கள். அவரும் அதைத்தான் கேட்டார். இன்னொரு நூறு எடுத்தார். மகளுக்காக மூன்றாவதாக ஒரு நூறும் எடுத்து, மூன்று முடிச்சையும் மனைவியின் தையல் பெட்டிக்குள் அவளுடைய விரல்கவசத்தின் பக்கத்தில் வைத்து மூடினார்.

மீதியை அடித்தார். மெஷினில் அது புகையாக எழும்பி விழுந்தது. கிணறும் இல்லை, கிண்ணமும் இல்லை, வெறும் பஞ்சு. மொட்டைமாடியில் பழைய புடவைகளை விரித்துக் காயப் போட்டு, காற்று அள்ளிப்போகாமல் மேலேயும் புடவைகளைப் போர்த்தி, இரண்டு நாளும் கூடவே உட்கார்ந்திருந்தார். முப்பதாம் நாள் காலை திணித்து, வாய் தைத்து, சட்டத்தை நடுவுக்கு இழுத்து மெத்தையை நிமிர்த்திக் கட்டினார்.

தன் பக்கம் நின்று ஒரு தட்டுத் தட்டினார். ஊசியைச் செருகினார். காத்திருந்தார். கை பழக்கத்தில் செய்துவிட்டது, அவர் என்ன செய்வார்? பிறகு சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஊசியை இழுத்து, திருப்பிக் குத்திவிட்டு, மறுபடி சுற்றிக்கொண்டு வந்தார். எட்டு முடிச்சு இப்படிப் போட்டார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மச்சினி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முக்காலிப் பக்கம் போனாள்.

"அங்கே வேண்டாம்மா," என்றார். "நீ இந்தப் பக்கம் வா. நான் அங்கே உட்கார்றேன்."

முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் அந்த முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும்தான் தெரிந்தது. மெத்தைக்கும் சட்டத்தின் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. நிற்கிறவர் கண்ணுக்கு அது படாது. முக்காலியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அதன் வழியாக அவருடைய இடம் தெரிந்தது. ஆணியில் அவருடைய துண்டு, தண்ணீர்ச் சொம்பு, வேர்வை விழுந்து விழுந்து கறுத்த தரை. சத்தத்தில் தெரியும் என்று சொன்னவள் முப்பது வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவருக்குத்தான் ஒருநாள்கூட இந்தப் பக்கம் வந்து உட்காரத் தோன்றவில்லை. அவளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு தடவை, இந்தச் சந்து அகலத்துக்குப் பார்த்தால்கூடப் போதும்.

அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. ஊசி நுனி எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சு," என்றார் அவர்.

இழுத்துத் திருப்பிக் குத்தினார். கண்ணீர் மறைத்ததில் ஊசி விரலில் ஏறியது. துடைத்துக்கொண்டு அடுத்ததைக் குத்தினார். இருபது முடிச்சு வரைக்கும் ஊசி மட்டும் போய் வந்தது. பிறகு மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து மச்சினி பேசினாள். முகம் தெரியாத தைரியம்.

"அக்கா அன்னிக்குச் சாயங்காலம் போன் பண்ணினா அத்தான். நான் எடுக்கலை. காலையில பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவர் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நானும் அவகிட்ட அடுத்த வாரம் அடிச்சுத் தரேன்னுதான் சொல்லிட்டிருந்தேன்மா," என்றார். "ஒன்பது வருஷமா."

அவள் அழுவது சந்து வழியாகத் தெரிந்தது. அவர் அழுவது அவளுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, "மூக்கை உறிஞ்சாதீங்க அத்தான், துடைங்க," என்றாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் கேக்குதே."

அறுபதாவது முடிச்சு விழுந்தபோது மகளும் வேலையிலிருந்து வந்துவிட்டாள். மூன்று பேருமாகத் தூக்கித் தராசில் தொங்கவிட்டார்கள். மெத்தை மெல்ல ஆடி நின்றது. மச்சினிக்கு எதையும் பாதியில் விட முடியாதே. சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், தூசிக்கு எவ்வளவு என்று கேட்டு அதையும் கழித்துப் பார்த்தாள்.

"முன்னூறு கிராம் குறையுதே அத்தான்," என்றாள். "அக்கா சொல்லிட்டே இருப்பா, இந்தத் தராசுக்கு வயசாயிடுச்சுன்னு. பழுது பார்க்கக் கொடுக்கணுமோ?"

மெத்தைக்காரர் தையல் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வேண்டாம்மா," என்றார். "தராசு சரியாத்தான் இருக்கு."